பி-மரத்தைக் கீழிருந்து எழுப்புதல்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுபாலும் வாங்கும் கடையொன்றின் கணக்கு மென்பொருளைக் கவனித்துவரும் வாசகர் ஒருவர், பழைய கொள்முதல் பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றியபோது, இண்டெக்ஸை (எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று காட்டும் தேடல் பட்டியலை) வைத்துக்கொண்டே ஏற்றினால் வேலை விடியும்வரை இழுப்பதாகவும், அதை நீக்கிவிட்டு ஏற்றி, முடிவில் புதிதாக உருவாக்கினால் விரைவில் முடிந்துவிடுவதாகவும் எழுதி, காரணம் கேட்டிருக்கிறார்.

இண்டெக்ஸ் என்பது பெரும்பாலும் ஒரு பி-மரம்: உள்ளீடுகள் பக்கங்களில் வரிசையாக அமர, மேலடுக்குப் பக்கங்கள் கீழடுக்குப் பக்கங்களுக்கு வழிகாட்டும் அமைப்பு. 1970-இல் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இதை வகுத்தார்கள்; விமானம் செய்யும் நிறுவனம் அடிப்படை ஆய்வுக்குச் செலவிட்ட பணத்தின் பலனை இன்று குலசேகரத்துக் கடை அனுபவிக்கிறது என்பதை, உடனடிப் பயன் என்னவென்று கேட்டே நிதி ஒதுக்குபவர்கள் கவனிக்கலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் மரத்தின் ஒரு பக்கம் 8 கிலோபைட். பக்கத்துக்கு 300 உள்ளீடுகள் என்று கொண்டால், மூன்றே அடுக்குகளில் 2.7 கோடி உள்ளீடுகள் அடங்கிவிடும்.

ஊர்ப்பெயர் வரிசையில் அமைந்த இண்டெக்ஸில் முதலில் தக்கலை, அடுத்து அருமனை, பிறகு மார்த்தாண்டம் என ஒழுங்கின்றிப் பதிவுகள் வந்தால், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பக்கத்தைத் தேடிச் செல்ல வேண்டும். மரம் நினைவகத்தைவிடப் பெரிதாகிவிட்டால் அந்தத் தேடல் நினைவகத்தைவிட மெதுவான வட்டுக்கே போகும். நிரம்பிய பக்கம் இரண்டாகப் பிளப்பதால், பக்கங்கள் சராசரியாகச் சுமார் 69 சதவீதமே நிறைந்திருக்கும்.

மொத்தமாக உருவாக்கும்போது தரவுத்தளம் முதலில் வரிசைப்படுத்துகிறது. உள்ளீடுகள் 4 ஜிகாபைட் என்று கொள்வோம், இந்த வேலைக்கு போஸ்ட்கிரெஸ்கியூஎல் இயல்பாக ஒதுக்கும் நினைவகமோ 64 மெகாபைட். ஆகவே கொள்ளும் அளவுக்கு எடுத்து, வரிசைப்படுத்தி, வட்டில் எழுதிவைக்க, தனித்தனியே வரிசைப்பட்ட சுமார் 64 துண்டுகள், அதாவது தொடர்கள், கிடைக்கின்றன. ஒவ்வொரு தொடரும் தனக்குள் வரிசையாக இருப்பதால், அனைத்திலும் சிறிய உள்ளீடு ஏதேனும் ஒரு தொடரின் தலையில்தான் இருந்தாக வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் 64 தலைகளையும் ஒப்பிட வேண்டியதில்லை என்பதுதான் என்னை இன்னும் வியக்கவைக்கும் நுட்பம். 64 அணிகள் மோதும் நாக்-அவுட் கபடிப் போட்டியில் ஆறு சுற்றுகளில் வெற்றியாளர் தெரிந்துவிடுவார். வென்ற அணி விலகி, அதே இடத்தில் வேறோர் அணி இறங்கினால், அந்த இடத்திலிருந்து இறுதிவரை செல்லும் வழியிலுள்ள 6 ஆட்டங்களை மட்டும் மறுபடி நடத்தினால் போதும், மற்ற முடிவுகள் அப்படியே நிற்கும். வென்ற உள்ளீட்டை எழுதிவிட்டு, அதே தொடரின் அடுத்த உள்ளீட்டை அதன் இடத்தில் நிறுத்தும் போட்டி மரமும் இதையே செய்கிறது.

இப்படி வரிசையாக வெளிவரும் உள்ளீடுகளை மரத்தின் அடியடுக்கான இலைப் பக்கங்களில் இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போகலாம். ஒரு பக்கம் முடிந்ததும் மேலடுக்கில் அதற்கு ஓர் உள்ளீடு சேர்கிறது. முடிந்த பக்கத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை, மரத்தின் வலது ஓரம் மட்டும் நினைவகத்தில் இருந்தால் போதும். நம் பொறியியல் வகுப்புகளில் பி-மரத்தை ஒவ்வொன்றாகச் செருகிப் பிளக்கும் படமே தேர்வுக்காகத் திரும்பத் திரும்ப வரையப்படுகிறது. மரம் கீழிருந்து எழும் இந்த வழிக்கும் ஒரு வகுப்பு ஒதுக்கலாம்.

இலைப் பக்கங்களை 90 சதவீதம் நிரப்பி, மீதியைப் பின்னர் வரும் பதிவுகளுக்காக விடுவது போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் வழக்கம். ஆகவே அன்றாடம் சேரும் சில நூறு கொள்முதல்களுக்காக வாசகர் இண்டெக்ஸை நீக்க வேண்டாம். அது இல்லாத நேரத்தில் ஒரு விவசாயியின் பாக்கியைத் தேடினாலும் அட்டவணை முழுவதையும் படிக்க நேரும்.