பென்டிரைவ் செருகாத ராத்திரி

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை. முறுக்கும் சீப்புச் சீடையும் மனகோலமும் அங்கிருந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகும். அந்தக் கடையின் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) கணினிக்கு, தினமும் ராத்திரி 11 மணிக்குத் தானாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் பட்டியல்) ஒன்றை எழுதிக் கொடுத்தவன் நான். மூன்றே வரி. பென்டிரைவுக்குள் போ, 30 நாளுக்கு மேல் பழசான ஃபைல்களை அழி, கணக்கு ஃபோல்டரை அங்கே காப்பி செய்.

பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலையில் கடைக்கார ஆச்சி போன் செய்தார்கள். "தம்பி, போன தீபாவளி ஆர்டர் ஒண்ணையும் காணலையேப்பா."

முந்தின நாள் யாரோ பென்டிரைவைக் கழற்றியிருக்கிறார்கள். அதனால் முதல் வரியில் இருந்த, ஒரு ஃபோல்டருக்குள் போகச் சொல்லும் 'சிடி' (cd) கட்டளைக்குப் போக இடமில்லை. கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் ஒரு பிழைச் செய்தியை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. நிறுத்து என்று நாம் சொல்லாதவரை அதன் இயல்பு அதுதான். ஸ்கிரிப்டை நேரத்துக்கு ஓட்டும் கிரான், எந்த வேலையையும் பயனரின் சொந்த ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரில் நின்றுதான் தொடங்கும். ஆக, இரண்டாம் வரி பென்டிரைவில் செய்ய வேண்டிய அழிப்பை ஹோமில் செய்தது. கணக்கு ஃபோல்டர் பழைய பேக்கப்பில் இருந்ததால் தப்பியது. ஆர்டர் ஃபைல்களும் ஆச்சியின் அறுபதாம் கல்யாணப் படங்களும் அதற்கு வெளியே இருந்தன. அவை போனது போனதுதான்.

"பென்டிரைவ் இல்லேன்னா அது சும்மா இருக்கணும்ல?" என்று கேட்டார்கள். ஸ்கிரிப்ட் எழுதும் முன் நான் என்னையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இப்போது 'சிடி' வரிக்குப் பின்னால் || போட்டு, தோற்றால் வெளியேறு என்று எழுதுகிறேன். அழிக்கும் கட்டளைக்கு முழுப் பாதையையே கொடுக்கிறேன். எங்கே நிற்கிறோம் என்பதை நம்பி எதையும் அழிப்பதில்லை. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'செட் -யு' (set -u) போட்டால், மதிப்பே தராத வேரியபிள் (ஒரு மதிப்பைத் தாங்கும் பெயர்) வந்ததும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். மதிப்பு தந்தும் காலியாக இருந்தால் அது பிடிக்காது, தனியாகச் சோதிக்க வேண்டும். 2015-ல் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியின் ஸ்கிரிப்ட் ஒரு பயனரின் ஃபைல்களை அழித்தது இப்படிக் காலியான ஒரு வேரியபிளால்தான். 'செட் -இ' (set -e) பிழை வந்தால் நிறுத்தும் என்பார்கள். ஆனால் 'இஃப்' நிபந்தனைக்குள் வரும் பிழையை அது கண்டுகொள்ளாது. அதை மட்டும் நம்பாதீர்கள்.

அப்புறம், மேற்கோள் குறி. "தீபாவளி ஆர்டர்" என்று இடைவெளி விட்டுப் பெயர் வைப்பது கடைக்காரர்களுக்கு இயல்பு. அந்தப் பெயரைத் தாங்கும் வேரியபிளைச் சுற்றி இரட்டை மேற்கோள் இல்லையென்றால் ஷெல் அதைத் தீபாவளி, ஆர்டர் என்று இரண்டு ஃபைலாகப் பிரித்துவிடும். பெயரை மாற்றச் சொல்லி அவர்களிடம் போகக் கூடாது. திருந்த வேண்டியது ஸ்கிரிப்ட்.

இன்னொன்று, முதல் வரியில் எந்த ஷெல் என்று எழுதுவது. உபுண்டுவில் 2006 முதல் 'எஸ்ஹெச்' (sh) என்றால் டாஷ் என்ற ஷெல், பாஷ் என்ற ஷெல் அல்ல. பாஷுக்கான [[ சோதனை டாஷுக்குத் தெரியாது. 'இஃப்' அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு நடையைக் கட்டும்.

ஆச்சி கடைக்குத் திருத்திய ஸ்கிரிப்ட் வைத்தபோது பென்டிரைவைக் கழற்றிவிட்டு, அவர்கள் முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். 'பென்டிரைவ் இல்லை, எதையும் தொடவில்லை' என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது. ஆச்சி அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இன்னொரு தடவை ஓட்டுப்பா" என்றார்கள்.