சைக்கிளுக்கு ஏர்பேக் தேடுவதற்கு முன் ஹேண்டில் ரப்பரைப் பாருங்கள்

வாட்ஸ்அப்பில் அடிக்கடி எனக்கு ஒரு வகை வீடியோ வரும். சைக்கிளைச் சுற்றிக் கூண்டு, சீட் பெல்ட், கீழே விழுந்தால் தானாக ஊதிக்கொள்ளும் ஜாக்கெட். கூடவே ஒரு கேள்வி: "டாக்டர், இதெல்லாம் வந்தால் உங்களுக்கு வேலை குறையுமா?"

மலேசியாவின் பினாங்கில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சைக்கிளில் விழுந்தவர்கள் வராத வாரம் கிடையாது. கேட்ட எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: அதனால் குறையாது. என் வேலையைக் குறைக்கும் சாமான்களை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவற்றில் பல, சில வெள்ளிக்கே (ரிங்கிட்) கிடைக்கும். அவற்றைத்தான் நாம் கழற்றிப் போடுகிறோம், அல்லது தேய்ந்த பிறகும் மாற்றாமல் ஓட்டுகிறோம்.

கார் மோதும்போது அதன் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவரை பெல்ட் பிடித்துக்கொள்ளும். சைக்கிளில் நசுங்க என்ன இருக்கிறது? வண்டி 12 முதல் 15 கிலோ, ஓட்டுபவர் அதைவிட நாலைந்து மடங்கு. மோதினால் வண்டி நிற்கும், ஆள் நிற்கமாட்டார். கூரையும் பெல்ட்டும் வைத்து 2000-இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் சி1 என்று ஒரு ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. சில ஐரோப்பிய நாடுகளில் அதை ஹெல்மெட் இல்லாமலே ஓட்டலாம். அப்படியும் சில வருடங்களில் உற்பத்தி நின்றுபோனது. அந்தக் கூண்டைச் சுமக்க அதற்கு இன்ஜினாவது இருந்தது. பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் ஏற்றத்தில் நம் கால்தான் இன்ஜின்.

சைக்கிள் வரலாற்றிலேயே அதிக உயிரைக் காப்பாற்றிய வடிவமைப்பு எது என்று கேட்டால், நான் 1885-ஐச் சொல்வேன். அதற்கு முன் இருந்தது முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்த பென்னி ஃபார்திங். ஓட்டுபவர் கிட்டத்தட்ட அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பார். ஒரு கல் தட்டினால் போதும், வண்டியோடு சுழன்று தலைகுப்புற விழுவார். ஹேண்டில் தொடைக்கு மேலே இருப்பதால் காலையும் விடுவிக்க முடியாது. இதற்காகவே ஹேண்டிலை முழங்காலுக்குப் பின்னால் வளைத்துக் கொண்டுவந்த வடிவம் ஒன்று வந்தது. விழுந்தாலும் காலூன்றி விழட்டும் என்ற கணக்கு! அப்புறம் இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் சைக்கிளைச் செய்தார். கிட்டத்தட்ட சமமான இரண்டு சக்கரம், செயின் பின்சக்கரத்துக்கு, ஆள் நடுவில், கால் தரைக்கு எட்டும் தூரத்தில். அதற்குப் 'பாதுகாப்புச் சைக்கிள்' என்றே பெயர் வந்தது. இன்று நாம் ஓட்டுவதெல்லாம் அதன் வாரிசுகள்தான்.

நம் ஊர் திரிஷா, அதாவது மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா, மட்டும் வேறு ரகம். மலாக்காவில் பயணி பக்கவாட்டில் உட்காருவார். பினாங்கில் பயணி முன்னால், மிதிப்பவர் பின்னால். மோதினால் பம்பர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாகப் போவதுதான் அதன் ஒரே பாதுகாப்பு.

ஸ்டார்லி ஒழித்த ஆபத்தை நம் பிள்ளைகள் மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். பாசிக்கால் லாஜாக்கைத்தான் சொல்கிறேன். பிரேக்கைக் கழற்றி, சீட்டையும் ஹேண்டிலையும் இறக்கி, வயிற்றில் படுத்தபடி தலையை முன்னால் நீட்டிக்கொண்டு இறக்கத்தில் விடுவது. எதிலாவது இடித்தால் முதலில் போய் முட்டுவது தலைதான். 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில் கார் மோதி எட்டுப் பையன்கள் இறந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். யார் குற்றம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டுச் சைக்கிளில் இரண்டு பிரேக்கும் இருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி, என்னை அதிகம் கவலைப்பட வைக்கும் விஷயம். பாட்டிமார் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "ஒண்ணும் இல்ல டாக்டர், வீட்டு முன்னாலதான் விழுந்தான். காடி கீடி எதுவும் மோதல. ரத்தமும் வரல. ஆனா சாப்பிட மாட்டேங்கிறான், வாந்தி எடுக்கிறான்." சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வயிற்றில் நாணயம் அளவு வட்டமாக ஒரு கன்றல்.

அது ஹேண்டில் முனையின் தடம். சைக்கிள் மெதுவாகச் சாயும்போது முன்சக்கரம் சட்டென்று திரும்பும். ஹேண்டிலின் ஒரு முனை தரையில் ஊன்ற, மறுமுனை நேராகப் பிள்ளையின் வயிற்றை நோக்கி நிற்கும். பிள்ளை அதன் மேல் விழும். ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் வெளியே வந்திருந்தால், தீபாவளி பிஸ்கட் அச்சு மாவில் இறங்குகிற மாதிரிதான். முழு எடையும் ஒரு சின்ன வளையத்தில் இறங்குகிறது. பிள்ளைகளுக்கு வயிற்றுத் தசை மெல்லியது. கணையமும் சிறுகுடலின் தொடக்கமும் முதுகெலும்பின் மேல் அழுந்தி நசுங்கும். கல்லீரல், மண்ணீரல் கிழியலாம். வெளித்தோலில் கீறல்கூட இருக்காது. வலி கூடுவதற்குச் சில மணி நேரம் ஆகலாம், சில பிள்ளைகளுக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும்.

ஆகவே வயிற்றில் ஹேண்டில் குத்தியது என்று தெரிந்தால், பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். வயிற்று வலி, வாந்தி, முகம் வெளுப்பது, வயிறு உப்புவது, தோள்பட்டையில் காரணமில்லாத வலி, சிறுநீரில் ரத்தம், இதில் எது இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்கு வாருங்கள். கவுன்டரில் "சைக்கிளில் விழுந்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஹேண்டில் வயிற்றில் குத்தியது" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் நாங்கள் பார்க்கும் விதமே மாறும். தைலம் தேய்த்து வயிற்றை நீவுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதற்குத் தீர்வு தேடியவர்கள் உண்டு. மோதும் வேகத்தில் ஹேண்டில் முனை உள்ளே போய்விடும்படி ஒரு வடிவத்தை ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டினார்கள். 2001-இல் அதைப் பற்றிய கட்டுரையும் வந்தது. நம் கடைகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கான ஐஎஸ்ஓ 8098 என்ற சர்வதேசத் தரம் ஹேண்டில் முனை மூடியிருக்க வேண்டும் என்கிறது. அகலமான முனையுள்ள கெட்டி ரப்பர் கைப்பிடி சைக்கிள் கடையில் சுலபமாகக் கிடைக்கும். அண்ணன் ஓட்டித் தேய்த்த சைக்கிளைத் தம்பிக்குக் கொடுக்கும்போது முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

அடுத்தது கால். ஆர்மீனியன் தெருச் சுவரில் அக்காவும் தம்பியும் சைக்கிளில் போகும் ஓவியத்தோடு படம் எடுக்காத பினாங்குக்காரர் குறைவு. எனக்கும் பிடிக்கும். ஆனால் பின்னால் உட்காரும் பிள்ளையின் குதிகால் ஆரக்கம்பிக்குள் போனால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் சிராய்ப்பு மாதிரிதான் தெரியும். நசுங்கிய தோல் சில நாளில் கறுத்துச் செத்துப்போகும், ஒட்டுத்தோல் வைக்கும் நிலை வரலாம். எலும்பு முறிவும் சகஜம். நெதர்லாந்துச் சைக்கிள்களில் பின்சக்கரத்தின் மேல்பாதியை மூடி ஒரு மறைப்பு இருக்கும். இங்கே அது கிடைக்காவிட்டால் கால் வைக்கும் தாங்கியோடு உள்ள பிள்ளை சீட்டை வாங்குங்கள். இரண்டும் இல்லாத கேரியரில் பிள்ளையை ஏற்றாதீர்கள். துப்பட்டா, புடவை முந்தானைக்கும் அந்த மறைப்பு காவல்தான்.

பெரியவர்கள் தீவைச் சுற்ற விலை உயர்ந்த சைக்கிளோடு கிளம்புகிறார்கள். தெலுக் பஹாங் தாண்டி பாலிக் பூலாவ் இறக்கத்தில் முன்சக்கரம் கழன்றால் எந்த ஹெல்மெட்டும் பெரிதாக உதவாது. முன்சக்கரத்தைச் சட்டென்று கழற்றி மாட்ட உதவும் லீவரைத் திருகு மாதிரி சுற்றி இறுக்குவது தப்பு. அதை மடக்கி மூட வேண்டும், மூடும்போது உள்ளங்கையில் அழுத்தம் தெரிய வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் முனையில் சின்னதாக ஒரு உதடு இருக்கும். லீவர் தளர்ந்தாலும் சக்கரம் உடனே விழாமல் பிடிப்பது அதுதான். சக்கரத்தைச் சீக்கிரம் கழற்றுவதற்காக அதை அரத்தால் ராவி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மடக்கும் சைக்கிள் என்றால் நடுப் பூட்டையும் ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

ஹெல்மெட்டைப் பற்றிப் பலரும் எழுதியாயிற்று, எனவே சுருக்கமாக. கழுத்துப்பட்டை மாதிரி அணிந்து, விழும்போது தலையைச் சுற்றி ஊதும் ஏர்பேக் ஸ்வீடனில் உண்மையிலேயே விற்பனையில் இருந்தது, ஹோவ்டிங் என்று பெயர். 2023 இறுதியில் அந்நாட்டு நுகர்வோர் அமைப்பு விற்பனைக்குத் தடை போட, நிறுவனம் திவாலானது. சாதாரண ஹெல்மெட்டுக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம், தாடைப் பட்டையில் ஒரு விரல் நுழையும் இறுக்கம். ஒருமுறை பலமாக அடி வாங்கியதை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறைதான் நசுங்கும்.