எட்டாவது முறை சொன்ன மிக்ஸி கதை

எதிர் வீட்டுப் பெண் பி.காம். இறுதி ஆண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கில வழிப் படிப்பு. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைக் கையில் கொடுத்தால் ஒரு தடவை வாசித்துவிட்டுச் சாரத்தைச் சொல்லிவிடுவாள். போன மாதம் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் நடத்திய நேர்காணலுக்கு டிஜிட்டல் பொருளாதாரம், சமூக ஊடகத்தின் நன்மை தீமை என்று நான்கைந்து தலைப்புகளை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். அவர்கள் கேட்டது, "காலையில் எழுந்ததிலிருந்து இங்கே வருகிற வரைக்கும் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்." இரண்டு வாக்கியத்தோடு நின்றுவிட்டாள்.

"எல்லாம் தெரியுது அங்கிள், வாயில வரமாட்டேங்குது" என்றாள்.

நம் ஊரில் ஆயிரக்கணக்கான பேர் சொல்கிற வாக்கியம்தான். ஏதோ சாக்குச் சொல்வதுபோல இருந்தாலும், பேச்சு மூளைக்குள் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தவர்களைக் கேட்டால் அவள் கச்சிதமாகச் சொல்லியிருக்கிறாள் என்பார்கள். தெரிவது வேறு, வாயில் வருவது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. அதில் நடந்து பழகவில்லை, அவ்வளவுதான்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் ஆய்வு நிறுவனத்தில் இருந்த வில்லெம் லெவெல்ட் 1989இல் பேச்சைப் பற்றி எழுதிய நூலில் இந்தப் பாதையை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதலில் என்ன சொல்வது என்ற கருத்து உருவாகிறது. அடுத்து அதற்கான சொற்களை நினைவிலிருந்து எடுத்து, இலக்கணப்படி கோத்து, ஒலிவடிவம் கொடுக்கிறோம். கடைசியாக நாக்கும் உதடும் அதை ஒலிக்கின்றன. தாய்மொழியில் கவனம் முழுவதும் முதல் கட்டத்தில்தான் இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் தானாக ஓடும். பழகிய கை புள்ளியை எண்ணாமல், பக்கத்து வீட்டாரோடு பேசிக்கொண்டே கோலம் போடுகிற மாதிரி.

இதற்குக் கிடைக்கிற நேரமோ மிகக் குறைவு. ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், தாய்மொழியிலேயே வாய் திறக்க ஏறத்தாழ 600 மில்லிவினாடி ஆகிறது. ஆனால் உரையாடலில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க எடுத்துக்கொள்ளும் இடைவெளி சராசரியாகச் சுமார் 200 மில்லிவினாடிதான். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஆய்வு இது. ஜப்பானியர்கள் மிக வேகம், டேனிஷ் மொழிக்காரர்கள் சற்று நிதானம். (பட்டியலில் தமிழ் இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளைப் பதிவு செய்திருந்தால் இடைவெளி பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும்.) ஆக, எதிராளி பேசி முடிக்கும் முன்பே நம் வாக்கியம் உள்ளே தயாராகத் தொடங்கிவிடுகிறது. கேட்பதும் கட்டுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன.

இரண்டாம் மொழியில் சொல்லெடுத்துக் கோக்கும் அந்த நடுக் கட்டத்தில்தான் சிக்கல். சொல்லைத் தேட வேண்டும், "வென்ட்"டா "கான்"னா என்று முடிவு செய்ய வேண்டும், "இன்"னா "அட்"டா என்று யோசிக்க வேண்டும். ஒரே சமயத்தில் மனம் கையில் பிடித்து வைத்திருக்கக்கூடியது நான்கைந்து விஷயங்கள். அதற்கு மேல் வைத்தால் ஒன்று நழுவும். தமிழருக்குக் கூடுதலாக ஒரு சுமையும் உண்டு: வரிசை. "கடைக்காரர் போன வாரம் மாற்றிக் கொடுத்த கப்ளர் மறுபடியும் தேய்ந்துவிட்டது" (கப்ளர் என்பது மிக்ஸியில் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பாகம்) என்பதில் கப்ளரைப் பற்றிய விவரமெல்லாம் கப்ளருக்கு முன்னால் வந்துவிடும், வினை கடைசியில் நிதானமாக வரும். ஆங்கிலத்தில் கப்ளர் முதலில் வர வேண்டும், "தட்" போட்டு விவரம் பின்னால் வர வேண்டும். தமிழில் வாக்கியத்தின் கடைசிவரை ஒத்திப்போடுகிற வினையை ஆங்கிலத்தில் எழுவாய் சொன்ன கையோடு முடிவு செய்தாக வேண்டும். தமிழில் யோசித்து மொழிபெயர்ப்பவர் முழு வாக்கியத்தையும் மனத்தில் தாங்கிக்கொண்டு தலைகீழாகத் திருப்புகிறார். மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? "ஆங்கிலத்திலேயே யோசி" என்று சொல்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அது பழகியதன் விளைவு. அதையே வழியாகச் சொன்னால் எப்படி?

சரி, பன்னிரண்டு வருடம் ஆங்கிலத்தில் படித்தது என்ன ஆயிற்று? கனடாவில் இதே கேள்வி எழுந்தது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், பாடமெல்லாம் பிரெஞ்சில் நடக்கும் பள்ளிகளில் வருடக்கணக்கில் படித்தார்கள். கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஈடுகொடுத்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கினார்கள். அதைக் கவனித்த மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் சொன்னது: காதில் விழுவது மட்டும் போதாது, தானே வாக்கியம் கட்டித் தள்ள வேண்டிய நெருக்கடி வேண்டும். புரிந்துகொள்ளும்போது இலக்கணத்தைப் பாதி விட்டுவிட்டாலும் அர்த்தம் பிடிபட்டுவிடும். பேசும்போது அந்தச் சலுகை கிடையாது.

நம் வகுப்பறையில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஃபோட்டோசிந்தசிஸ் தெரியும். குழாய் ஒழுகுகிறது, சட்டைப் பித்தான் அறுந்துவிட்டது, பால் தீர்ந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாது. "மில்க் இஸ் ஓவர்" என்போம். "வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க்" என்பது எந்தப் பாடத்திலும் வராது. "கெட்", "புட்", "டேக்", "கம்", "ரன்" போன்ற சின்ன வினைகளோடு "ஆஃப்", "அவுட்", "அப்" ஒட்டிக்கொண்டு நடக்கும் வேலை ஆங்கிலப் பேச்சில் அடிக்கடி வரும். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்கின்படி, ஆட்பெயர் ஊர்ப்பெயர்களை ஒதுக்கிவிட்டால், சுமார் 3,000 சொற்குடும்பங்கள் ("கோ", "கோஸ்", "கோயிங்" எல்லாம் ஒரே குடும்பம்) தெரிந்தாலே பேச்சு ஆங்கிலத்தில் 95 சதவீதச் சொற்கள் அடங்கிவிடும். கல்லூரி முடித்தவர் இதில் பெரும்பாலானவற்றை வாசித்தால் அடையாளம் காண்பார். தேவைப்படும் நொடியில் எடுத்துப் பயன்படுத்துவதுதான் வருவதில்லை.

அன்றாடத் தலைப்பு இங்கேதான் கைகொடுக்கிறது. புவி வெப்பமாதல் பற்றிப் பேசச் சொன்னால் முதல் கட்டமே மூச்சை வாங்கிவிடும். என்ன சொல்வது என்றே யோசிக்க வேண்டும். நேற்று வீட்டில் மிக்ஸி ஓடாமல் போனதைச் சொல்லச் சொன்னால் கருத்து இலவசம். காட்சி கண்முன் இருக்கிறது, வரிசை தானாக வருகிறது. மிச்சமான கவனம் முழுவதும் சொல்லெடுக்கவும் கோக்கவும் போகும்.

ஆனால் இதையும் கெடுத்துக்கொள்கிறோம். "தினம் ஒரு தலைப்பு" என்று நூறு தலைப்புப் பட்டியல் போட்டு, இன்று பேருந்து, நாளை சமையல், மறுநாள் சினிமா என்று ஓடுகிறோம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்க வந்தவர்களை வைத்து நெல் டி யோங், சார்ல்ஸ் பெர்ஃபெட்டி இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பட்டியல் பழக்கத்துக்கு நேரெதிர். ஒரு குழு ஒரே தலைப்பை மூன்று முறை பேசியது. இன்னொரு குழு ஒவ்வொரு முறையும் புதுத் தலைப்பைப் பேசியது. பயிற்சியின்போது இரு குழுக்களுக்கும் சரளம் கூடியது. பின்னர் புதிய தலைப்பு கொடுத்துச் சோதித்தபோது அந்தச் சரளம் நிலைத்திருந்தது திரும்பத் திரும்பப் பேசியவர்களிடம் மட்டும்தான்.

காரணம் ஊகிக்க முடியாததல்ல. ஒரே கதையைச் சொல்லும்போது அதே சொற்களும் அதே வாக்கிய அமைப்புகளும் மறுபடி மறுபடி எடுக்கப்படுகின்றன. நான்காவது தடவை "ஐ டுக் இட் டு த ஷாப்" என்பது ஆறு சொற்களாக வராது, ஒரே கட்டியாக வரும். மொழி ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ பாலியும் ஃபிரான்சஸ் சைடரும் 1983இலேயே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்: தாய்மொழிக்காரர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல் சொல்லாகக் கட்டுவதில்லை, ஏராளமான தொடர்களை ஆயத்தமாக வைத்திருந்து எடுத்து வீசுகிறார்கள். மிக்ஸிக்காகப் பழகிய "இட் ஸ்டாப்ட் வொர்க்கிங்" செல்போனுக்கும் பொருந்தும், லிஃப்டுக்கும் பொருந்தும். சரளம் அடுத்த தலைப்புக்குத் தாவுவது இப்படித்தான்.

பால் நேஷன் 1989இல் ஆராய்ந்து பரவலாக்கிய ஒரு முறை இதற்கென்றே இருக்கிறது. ஒரே விஷயத்தை முதலில் ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும், அடுத்து இன்னொருவரிடம் மூன்று நிமிடம், பிறகு வேறொருவரிடம் இரண்டு நிமிடம். ஆள் மாறுவதுதான் இதில் நுட்பம். அதே ஆளிடம் மறுபடி சொன்னால் கேட்பவருக்குச் சலிக்குமே என்று புதிது புதிதாகச் சேர்க்கத் தோன்றும். நேரம் குறைவது தேடுவதற்கான அவகாசத்தை எடுத்துவிடும். மூன்றாவது சுற்றில் பேச்சு வேகமாவதையும் தடுமாற்றம் குறைவதையும் அவர் பதிவு செய்தார்.

வேகம் என்றதும் கடகடவென்று ஒப்பிப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றாகப் பேசுகிறவர்களும் நிறுத்துகிறார்கள், "அ...ம்" போடுகிறார்கள். நிறுத்துகிற இடம்தான் வேறு. அவர்கள் பெரும்பாலும் ஒரு கருத்து முடிகிற எல்லையில் நிற்கிறார்கள். பழகுநர்கள் நடுவில், எழுவாய்க்கும் வினைக்கும் இடையே, மாட்டிக்கொள்கிறார்கள். செல்போனில் பதிவு செய்து கேட்டால் இது உடனே காதில் படும்.

ஒரு ஆபத்தும் உண்டு. தப்பாகச் சொன்னதையே பத்து முறை சொன்னால் தப்புதான் பழகும். சுற்றுகளுக்கு நடுவே யாராவது ஒன்றிரண்டு பிழையை, ஒன்றிரண்டை மட்டும், காட்டிக்கொடுத்தால் போதும். வாக்கியத்துக்கு வாக்கியம் குறுக்கிட்டால் பேசுகிறவர் வாயை மூடிக்கொள்வார். வீட்டுக் கதை சொல்ல எளிய வாக்கியமே போதும் என்பதால் அங்கேயே தேங்கிவிடவும் கூடும். அப்போது "கடைக்காரர் ஏமாற்றியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று ஒரு கேள்வி போட்டால் "இஃப்" வந்துவிடும், "வுட் ஹாவ்" வந்துவிடும்.

எதிர் வீட்டுப் பெண்ணோடு இதைத்தான் செய்து பார்க்கிறோம். காலையில் பஸ் ஸ்டாப் வரை நடக்கிற நேரம். முதல் நாள் என்னிடம் அவள் சொன்ன மிக்ஸி கதையில் "கப்ளர் கான்" என்று கையை விரித்தாள். அடுத்தடுத்து அவள் அம்மாவிடம், ஊரிலிருந்து வந்த சித்தியிடம், தோழிகளிடம் சொன்னாள். எட்டாவது தடவையாக மறுபடி என்னிடம் வந்தபோது "த கப்ளர் ஹேட் வோர்ன் அவுட், ஸோ ஹி புட் இன் அ நியூ ஒன்" என்று மூச்சு விடாமல் வந்தது. அவளே ஒரு நொடி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கும் மிக்ஸிதானா அங்கிள்?"

"நாளைக்கு வாஷிங் மெஷின். அதுவும் நின்னுபோச்சுன்னு வச்சுக்கோ."