நார்டிக் நுவாரும் தனியார் துப்பறிவாளரும்

நார்டிக் நுவார் என்பது டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து வரும் ஒருவகைக் குற்றப் புனைவுக்கு வழங்கும் பெயர். கொலையாளி யார் என்ற கேள்வியோடு தொடங்கினாலும், அக்கொலைக்கு இடங்கொடுத்த சமூகம் எத்தகையது என்ற கேள்வியில்தான் இக்கதைகள் நிலைகொள்ளும். ஸ்காண்டிநேவியா என்ற சொல் இவற்றுள் முதல் மூன்று நாடுகளையே குறிப்பது. பின்லாந்தையும் ஐஸ்லாந்தையும் சேர்த்துக்கொள்ளவே 'வடக்கு' என்னும் பொருளுடைய நார்டிக் என்ற சொல் தேவைப்படுகிறது.

இரண்டாவது சொல் பிரெஞ்சு மொழிக்கு உரியது. நிறம் கறுப்பு என்பதே அதன் நேர்ப்பொருள். பிரெஞ்சில் அதன் ஒலிப்பு 'நுவார்' என்பதற்கு நெருக்கமானது. 'நொய்ர்' என்று எழுதுவோரும் உண்டு, அது ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலித்த வடிவம். பாரிஸ் நகரின் கலிமார் பதிப்பகம் 1945இல் மார்செல் துயாமெலின் பொறுப்பில் தொடங்கிய குற்றப் புதின வரிசைக்குச் 'செரி நுவார்', அதாவது கறுப்பு வரிசை, என்று பெயர். தொடக்கத்தில் அதில் வெளிவந்தவை பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டவை. அடுத்த ஆண்டே நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அமெரிக்கத் திரைப்படங்கள் சிலவற்றை 'ஃபிலிம் நுவார்' என்று அழைத்தார். ஆகவே அமெரிக்கச் சரக்குக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இட்ட பெயரே நுவார். அது மறுபடி ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து வடக்கே ஏறியது.

வடக்கில் உள்ளவர்கள் தங்கள் கதைகளை இப்பெயரால் அழைத்துப் பழகியவர்கள் அல்லர். நார்வேயில் அதற்கு 'கிரிம்' என்று பெயர், சுவீடனில் 'டெக்கரே'. 1923இல் பெர்கன் ரயில் கொள்ளையைப் பற்றிய புதினம் ஒன்றின் விளம்பரம், ஈஸ்டருக்கு முன்பு, செய்தித் தலைப்பைப் போலவே நாளிதழின் முதல் பக்கத்தில் அச்சாயிற்று. ஈஸ்டர் விடுமுறையில் மலைக்குடிலுக்குக் குற்றக்கதையோடு போகும் நார்வே வழக்கம் அதிலிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். இன்று 'நார்டிக் நுவார்' என்று நாம் அறியும் போக்குக்கு வித்திட்டவர்கள் 1965 முதல் 1975 வரை பத்துப் புதினங்கள் எழுதிய மாய் ஷுவால், பேர் வாலூ என்னும் சுவீடன் இணையர். ஆனால் பெயர் பரவியது 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரிட்டனின் தொலைக்காட்சியாலும் வாசகர் வட்டங்களாலும்.

அந்த இணையர் எழுதிய நாயகன் ஒரு காவல்துறை அதிகாரி. அவர்களுக்குப் பின் வந்த மிகப் பலரும் காவல் நிலையத்தையே கதைக்களமாக்கினர். தனியார் துப்பறிவாளர் அமெரிக்க நுவாரின் பிள்ளை. விலைபோன காவல்துறை, பணத்துக்கு வளையும் நீதி, இவற்றுக்கு வெளியே வாடகை அறையில் அமர்ந்திருக்கும் ஒருவன் என்பது அங்கே இயல்பாக அமைந்தது. பிறப்பு முதல் முதுமை வரை அரசே பார்த்துக்கொள்ளும் என்று நம்பும் நாட்டில் அப்படிப்பட்டவனுக்கு என்ன வேலை? இக்கேள்விக்கு மிகச் சிறந்த விடை, என் கணிப்பில், நார்வே எழுத்தாளர் குன்னார் ஸ்டோலெசென் படைத்த 'வர்க் வேயும்' என்னும் தனியார் துப்பறிவாளன். 1977இல் முதல் புதினம் வெளிவந்தது. வேயும் குழந்தைகள் நலத்துறையில் வேலை பார்த்து வெளியேறியவன். மழைக்குப் பேர்போன பெர்கன் நகரில், துறைமுகத்தை ஒட்டிய ஸ்ட்ராண்ட்கையன் தெருவில் அலுவலகம் வைத்திருக்கிறான். காணாமற்போன பிள்ளைகளைத் தேடும்போது அவன் மோதுவது பெரும்பாலும் தான் விட்டுவந்த நலத்துறையின் ஓட்டைகளோடுதான். அவன் பெயரே ஒரு சிலேடை: நார்வே மொழியின் முன்னோடியான பழைய நோர்ஸ் மொழியில் 'வர்கர் இ வேயும்' என்றால் புனித இடத்தில் புகுந்த ஓநாய், அதாவது அங்கே குருதி சிந்தியதால் சட்டத்தின் காப்பை இழந்து ஊரைவிட்டு விலக்கப்பட்டவன்.

இனித் தமிழுக்கு வருவோம். 'டிடெக்டிவ்' என்பதன் லத்தீன் வேருக்கு மூடியை அகற்றுதல் என்று பொருள். நம் 'துப்புத் துலக்குதல்' பாத்திரம் துலக்குவது போல, அழுக்கு நீக்கித் தெளிவாக்கும் வினை. மூடி திறந்தால் உள்ளிருப்பது உடனே தெரிந்துவிடும், துலக்குவதற்கோ கை வலிக்கத் தேய்க்க வேண்டும். தொழிலின் உண்மைக்குத் தமிழ்ச்சொல் நெருங்கி நிற்கிறது. துப்பு என்பதற்கு வலிமை, உணவு, பவளம் எனப் பல பொருள்கள் உண்டு. 'துப்பார்க்குத் துப்பாய' என்ற குறளில் அது உணவு. ஒற்றர், உளவர், வேவுகாரர் என்ற சொற்களை இங்கே பயன்படுத்தக் கூடாது. 'ஒற்றும் உரைசான்ற நூலும் இவையிரண்டும் தெற்றென்க மன்னவன் கண்' என்று வள்ளுவர் சொல்வதுபோல, ஒற்றர் அரசனுக்குக் கண்ணாக இருப்பவர். ஆங்கிலமும் தனியார் துப்பறிவாளரைக் கண் என்றே செல்லமாக அழைக்கிறது, ஆனால் அந்தக் கண் அரசுக்கு உரியதன்று. 'தனியார்' என்ற அடை, தனியார் பள்ளி என்பதில் போல, அரசு சாராதவர் என்பதைக் காட்டிவிடுவதால் தனியார் துப்பறிவாளர் என்பது முழுமையான சொல்.

நுவாருக்குச் சொல் காண்பது அத்தனை எளிதன்று. 'கறுப்புப் புதினம்' என்றால் கறுப்பின எழுத்தாளர்களின் இலக்கியம் என்று வாசகர் கொள்வார். 'கறுப்புஞ் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று தொல்காப்பியம் கூறும் பழம்பொருளோ சினம். நுவாரில் இருப்பது சினத்தைவிடக் கசப்பு. 'இருள்' பொருந்துகிறது: 'இருள்சேர் இருவினை' என்னும்போது அது ஒளியின்மையை மட்டும் குறிப்பதில்லை, மனிதனைச் சூழும் அறியாமையையும் குறிக்கிறது. எனவே நுவார் வகைக்கு 'இருட்புனைவு' என்பது என் பரிந்துரை.

நார்டிக் என்பதை மட்டும் பெயர்க்காமல் விடலாம். 'வடநாடு' என்றால் தமிழ்நாட்டில் கங்கைச் சமவெளி நினைவுக்கு வரும். 'வடபுலம்' என்றால் இலங்கை வாசகருக்கு யாழ்ப்பாணமும் வன்னியும். வர்க் வேயும் வரிசையை நூலடைவில் சேர்ப்பவர் 'நார்டிக் இருட்புனைவு' என்று வகையைக் குறித்து, அதன்கீழ் 'தனியார் துப்பறிவாளர் கதை' என்று எழுதினால் போதும்.