ஒரு லிட்டர் தண்ணீருக்குள் எவ்வளவு பலம்?

கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஒரு தீப்பொறி போதும். பனையோலைக் கூரையில் விழுந்தால் தெருவே பற்றிக்கொள்ளும். அதனால் அந்தக் காலத்தில் எரிகிற வீட்டைவிட எரியாத வீட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். காற்று போகும் பக்கத்தில் இருக்கும் கூரையைத் துரட்டியால் இழுத்துப் பிரித்துவிடுவார்கள். தீக்கு எரிபொருள், காற்று, வெப்பம் மூன்றும் வேண்டும். அடுத்த ஓலை கிடைக்காவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். பள்ளிக்கூடம் போகாதவர்களும் இந்த அறிவியலைக் கையில் வைத்திருந்தார்கள். ஓலைக் கூரை எவ்வளவு ஆபத்தானது என்பதை 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தபோது தமிழ்நாடே உணர்ந்தது.

ஊருணியிலிருந்து குடம் குடமாகக் கைமாற்றிக் கொண்டுவந்து ஊற்றியும் தீ அடங்காமல் போனது ஏன்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் 100 டிகிரிக்குச் சூடாக ஏறத்தாழ 300 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதுவே முழுவதும் ஆவியாக மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும், அதாவது ஏழு மடங்குக்கும் மேல்! ஆவியாகாமல் தரையில் வழிந்தோடும் தண்ணீர் தன் பலத்தில் பெரும்பகுதியைக் காட்டவே இல்லை.

அதே ஒரு லிட்டரை ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் சுமார் 19 லட்சம் துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர். வெப்பம் எல்லாப் பக்கமும் தொடுவதால் துளிகள் சட்டென்று ஆவியாகும். அந்த நீராவி 1,700 மடங்கு விரிந்து, அடைத்த அறையாக இருந்தால் காற்றையும் வெளியே தள்ளும். இன்றைய தீயணைப்பு வீரர் குழாய் முனையைத் திருகி நீரைப் பனிபோலத் தெளிப்பது இதற்காகத்தான். 1670-களில் ஆம்ஸ்டர்டாமில் யான் வான் டெர் ஹெய்டன் செய்த தோல் குழாய்தான் எட்ட நின்று இறைத்தவர்களைத் தீயின் அருகே கொண்டுபோனது.

விசைப்படகில் தீ என்றால் கதையே வேறு. சுற்றிலும் கடல் இருந்தாலும் டீசல் தண்ணீரைவிட லேசானது. ஊற்ற ஊற்ற மேலே மிதந்துகொண்டே எரியும். பெட்ரோலிய எண்ணெய் எடுக்கும் பாக்கூ நகரில் (இன்றைய அசர்பைஜான்) ஆசிரியராக இருந்த அலெக்சாண்டர் லோரான் 1900-களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். அதுதான் நுரை. டீசலைவிட லேசான நுரை அதன்மேல் படர்ந்து காற்றைத் தடுக்கும், எரியக்கூடிய ஆவியை எழவிடாது, குளிரவும் வைக்கும்.

வீட்டு வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டாலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது அடியில் இறங்கி நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை முகத்தில் வாரியடிக்கும். அடுப்பை அணைத்து ஒரு தட்டால் மூடச் சொல்லிப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். தீ பெரிதாகிவிட்டால் எல்லோரும் வெளியே வந்துவிட்டு 101-ஐ அழையுங்கள். ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளியோ எது என்று சொல்லுங்கள்.