ரேஸ் கண்டிஷன் – முந்தல் நிலை

பொங்கல் லீவு முடிகிற அன்று கடலூர் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் வந்து நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் எட்டிப் பார்க்கிறார், சீட் காலி. பின்படியில் ஏறியவரும் பார்க்கிறார், அதே சீட் காலி. இருவரும் பார்த்தது சரிதான். பார்ப்பதற்கும் உட்காருவதற்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு விநாடிதான் வம்பு. கணினியில் இதற்குப் பெயர் ரேஸ் கண்டிஷன்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பந்தய நிபந்தனை' என்று வரும். இரண்டுமே பொருந்தாது. இந்தக் கண்டிஷன் வீட்டு ஓனர் போடுகிற கண்டிஷன் இல்லை. 'வண்டி நல்ல கண்டிஷனில் இருக்கு' என்கிறோமே, அது. அதாவது நிலை. பந்தயம் என்றாலோ பணம் கட்டுவதும் நினைவுக்கு வருகிறது. போதாததற்கு, பந்தயத்தில் ஓடுகிறவனுக்குப் பக்கத்தில் ஓடுகிறவனைத் தெரியும். இங்கே ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. 'நீ முந்தி, நான் முந்தி' என்கிற வழக்கு நம்மிடம் இருக்கும்போது 'முந்தல் நிலை' என்று சொல்லிவிடலாமே.

இது மென்பொருளில் பிறந்த சொல்லும் இல்லை. மின்சுற்றில் இரண்டு சிக்னல்களில் எது முதலில் வந்து சேருகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுவதைக் குறித்தார்கள். மின்சுற்று ஆய்வாளர் டேவிட் ஹஃப்மனின் 1954-இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையிலேயே இருக்கிறது.

கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், நினைவக நிர்வாகத்தில் இது தினப்படி சமாச்சாரம். ஒரே ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) இரண்டு த்ரெட்கள், அதாவது அதற்குள் ஒரே சமயத்தில் ஓடும் இரண்டு வேலைகள், இன்னும் நினைவகம் ஒதுக்கப்படாத ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் தொடுகின்றன. (பக்கம் என்பது நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கிற அளவு.) எந்தப் பக்கம் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கிற பக்க அட்டவணையை இரண்டுக்காகவும் கெர்னல் பார்க்கிறது, இடம் காலி. இரண்டுக்கும் ஆளுக்கொரு புதுப் பக்கம் எடுக்கிறது. அப்படியே இரண்டையும் அட்டவணையில் எழுதவிட்டால் பிந்தியது முந்தியதை அழித்துவிடும். அதனால் லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் எழுதுவதற்கு முன் அட்டவணையைப் பூட்டி, இடம் இன்னும் காலிதானா என்று மறுபடி பார்க்கிறது. இல்லையென்றால் கையிலிருக்கும் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

லாக் என்பதற்குப் 'பூட்டு' நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டாம். ஆனாலும் இது திருடனைத் தடுக்கிற திண்டுக்கல் பூட்டு இல்லை. சீட்டில் போட்ட துண்டு மாதிரி. துண்டை மதிக்கிறவரைத்தான் அது தடுக்கும். கெர்னலில் ஏதோ ஒரு வழி பூட்டைப் பார்க்காமல் நுழைந்தால் அவ்வளவுதான். லினக்ஸில் ஒரு ப்ராசஸின் முகவரிவெளி (அது பயன்படுத்தக்கூடிய நினைவக முகவரிகள்) முழுவதற்கும் ஒரே பூட்டு என்று இருந்தது, முழு பஸ்ஸுக்கும் ஒரே துண்டு போட்டாற்போல. 2023-இல் 6.4 பதிப்பில்தான் பகுதிக்கொரு பூட்டு வந்தது. (பூட்டு மாதிரியே த்ரெட்களை ஒழுங்குபடுத்துகிற செமஃபோருக்கு நான் ரயில்காரர்களின் 'கைகாட்டி'யை எடுத்துக்கொள்வேன். அதை உருவாக்கிய கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா அந்தப் பெயரை எடுத்ததே ரயில் சிக்னலிலிருந்துதான்.)

எல்லா முந்தலும் கெடுதல் இல்லை. யார் முந்தினாலும் முடிவு கெடாவிட்டால் வெறும் முந்தல். கெட்டால் 'முந்தல் பிழை'. 2016 அக்டோபரில் வெளிவந்த 'டர்ட்டி கவ்' என்கிற லினக்ஸ் பாதுகாப்பு ஓட்டை இரண்டாவது வகை. படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பை நினைவகத்தில் தனக்கென்று விரித்து அதில் எழுதப் போனால் கெர்னல் தனிப் பிரதி ஒன்று எடுத்துத் தரும். பிரதி எடுத்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொரு த்ரெட் அந்தப் பிரதியைத் தூக்கிப்போடச் சொன்னால், எழுத்து மூலக்கோப்பிலேயே போய் விழுந்தது. அந்த ஓட்டை 2007-இலிருந்து அங்கேயே இருந்தது.