ஆழித்தேரும் காட்ஸில்லாவும்

1954-ல் ஜப்பானில் எடுத்த முதல் ‘காட்ஸில்லா’ படத்தின் ராட்சத மிருகத்தைக் கொண்டுவந்து தஞ்சாவூர் பெரிய கோயில் வாசலில் நிறுத்தினால், அது விமானத்தை அண்ணாந்துதான் பார்க்கும். அந்தப் படத்தில் அதன் உயரம் 50 மீட்டர், அதாவது 164 அடி. நம் விமானம் 216 அடி. அறுபது வருஷம் கழித்து 2014-ல் வந்த காட்ஸில்லா 108 மீட்டருக்கு வளர்ந்துவிட்டது. அதற்கு விமானம் மார்பளவு வரும்.

ராட்சத மிருகப் படமோ சூப்பர் ஹீரோ படமோ தமிழில் டப்பிங் ஆகி வந்துவிட்டால், திருவாரூரில் இருக்கிற என்னைக் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ தியேட்டர் வாசலில் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து இதே கதைதான். நாற்பது தாண்டிய பிறகும் அந்த ஆசை ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. கூடவே ஒரு கேள்வியும் வளர்ந்துகொண்டே வந்தது. திரையின் அளவு மாறுவதில்லை. அதில் ஒரு ஆளின் முகம் முழுத் திரையை நிறைத்தால் அது வெறும் முகம். அதே இடத்தை ஒரு பல்லி நிறைத்தால் மட்டும் எப்படி நெஞ்சு அடைக்கிறது? அது பெரியது என்று கண்ணுக்கு யார் சொன்னது?

பக்கத்தில் குட்டியாக வீடும் காரும் நிற்பதால்தானே என்று தோன்றும். அது பாதிதான். பொம்மை வீட்டுக்குப் பக்கத்தில் பொம்மையை நிறுத்தினால் பொம்மையாகத்தான் தெரியும். மீதிப் பாதி எனக்குப் புரிந்தது எங்கள் ஊர்த் தேரில்.

திருவாரூர்த் தேரழகு, திருவிடைமருதூர்த் தெருவழகு, மன்னார்குடி மதிலழகு என்று சொல்வார்கள். அலங்காரம் எல்லாம் கட்டி முடித்தால் ஆழித்தேர் 96 அடி, எடை ஏறக்குறைய 300 டன். இப்போது அதற்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு, பின்னால் புல்டோசர் தள்ளுகிறது. ஆனாலும் முன்னால் வடம் பிடிக்கிற கூட்டமும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர்களும் அப்படியே இருக்கிறார்கள். “ஆரூரா, தியாகேசா” என்று சத்தம் எழும்ப, சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கும். அப்போது கீழே பார்க்கக்கூடாது, உச்சியைப் பார்க்க வேண்டும். சக்கரம் இறங்கிய கணத்துக்கும் கலசம் சாய்கிற கணத்துக்கும் நடுவில் மூச்சு நின்றுபோகும். மெதுவாக ஒரு பக்கம் சாயும், நிற்கும், அதைவிட மெதுவாகத் திரும்பும். தொங்குகிற தொம்பைகள் அதற்கும் பின்னால் தாமதமாக ஆடும். அதே தெருவில் பையன்கள் அட்டையிலும் மூங்கில் குச்சியிலும் கட்டி இழுக்கிற சின்னத் தேர் கல் தட்டினால் படபடவென்று நாலு ஆட்டம் ஆடி நின்றுவிடும். இரண்டின் வடிவமும் ஒன்றுதான். ஒன்றைப் பெரியது என்றும் மற்றதைச் சின்னது என்றும் கண்ணுக்குச் சொல்வது அந்த ஆட்டத்துக்கு ஆகிற நேரம்.

காரணம் புவியீர்ப்பு. உயரத்திலிருந்து விழுகிற எதற்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்பது உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 20 மீட்டர் தென்னையிலிருந்து தேங்காய் தரைக்கு வர 2 விநாடி. 2 மீட்டர் பரணிலிருந்து உருண்டால் 0.64 விநாடி. 50 மீட்டரிலிருந்து 3.2 விநாடி. கடைசி இரண்டையும் பாருங்கள்: உயரம் 25 மடங்கு, நேரம் 5 மடங்கு. சாய்வது, ஊசலாடுவது, கால் தூக்கி வைப்பது என்று ஈர்ப்பு நடத்துகிற எல்லா அசைவுக்கும் இந்தக் கணக்குதான். தோப்பில் தேங்காய் விழுவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்தச் சூத்திரம் யாரும் சொல்லாமலே தெரியும். எழுதத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை முதல் காட்ஸில்லா படக்குழு எப்படிப் பயன்படுத்தியது என்று தெரிந்துகொண்ட நாளில் அந்தக் குழுவின் மேல் எனக்கு வந்த மரியாதையை வார்த்தையில் சொல்ல முடியாது. எய்ஜி சுபுராயா சிறப்புக் காட்சிகளுக்குப் பொறுப்பு. ரப்பர் உடைக்குள் இருந்து நடந்தவர்களில் முக்கியமானவர் ஹருவோ நகாஜிமா. முதலில் செய்த உடை ஏறக்குறைய 100 கிலோ. அதை மாட்டிக்கொண்டு சில அடி வைப்பதே பெரும்பாடு. உடையோடு ஆள் 2 மீட்டர், கதையில் மிருகம் 50 மீட்டர். அதனால் நகரத்தின் பெரும்பகுதியை 25-ல் ஒரு பங்கு அளவில் கட்டினார்கள். பிறகு கேமராவை வேகமாக ஓடவிட்டார்கள்.

சினிமா விநாடிக்கு 24 படமாக ஓடுகிறது. 120 படமாக எடுத்து அதை 24-ஆக ஓட்டினால் எல்லாம் 5 மடங்கு மெதுவாகும். 25-ன் வர்க்கமூலம் 5. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து 0.64 விநாடியில் விழுந்த காரைத்துண்டு, திரையில் 3.2 விநாடி எடுத்துக்கொண்டு விழும். ஐம்பது மீட்டர் கட்டடத்திலிருந்து விழுந்த மாதிரியே. கண் ஒத்துக்கொள்கிறது.

இதற்கு ஒரு விலை இருந்தது. விநாடிக்கு 5 மடங்கு படம் எடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் கிடைக்கும். அதோடு, கிட்டத்தில் இருக்கிற சின்னப் பொருளைப் படம் பிடித்தால் அதன் முன்னும் பின்னும் மங்கிப்போகும். அந்த மங்கலே அது பொம்மை என்று காட்டிக்கொடுக்கும். மங்காமல் இருக்க லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும், அப்போது இன்னும் வெளிச்சம் வேண்டும். ஆகவே அரங்கம் முழுக்க விளக்கு. அந்தச் சூட்டில், அந்த ரப்பருக்குள், ஒரு மனிதன். அந்த நடையின் பாரத்தில் பாதி உண்மையான பாரம்தான்.

போன சித்திரையில் என் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். எட்டாவது படிக்கிறான், இந்த விஷயத்தில் எனக்கு மேல் பைத்தியம். அவனிடம் 20 சென்டிமீட்டரில் ஒரு டைனோசர் பொம்மை. செல்போனில் விநாடிக்கு 240 படம் எடுக்கலாம். அதை 24-ஆக ஓட்டினால் 10 மடங்கு மெது, பத்தின் வர்க்கம் நூறு. “மாமா, அப்ப இது 20 மீட்டர்!” என்று குதித்தான். ஒரு தென்னை மர உயரம். உழுது போட்ட வயலில் வெயிலில் காய்ந்து கிடந்த மண்கட்டிகளை மலை மாதிரி அடுக்கினோம். நூலில் கட்டிய பொம்மையை அவன் மேலிருந்து இறக்க, நான் வயிறு தரையில் பட படுத்துக்கொண்டு எடுத்தேன். கேமரா பொம்மையின் கால் மட்டத்தில் இருந்தால்தான் அண்ணாந்து பார்க்கிற கோணம் கிடைக்கும். கட்டி உடைந்து புழுதி கிளம்பியது. ஓட்டிப் பார்த்தபோது இருவருமே பேசவில்லை. மலை சரிந்தது. நிஜமாகவே சரிந்தது.

ஜூனில் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் புதுத்தண்ணி நுரையோடு வந்து சேர்ந்த வாரத்தில் அதே பொம்மையை மதகடியில் இறக்கி எடுத்தோம். சுத்தமாகப் பாழ். அதே செல்போன், அதே வேகம், ஆனால் பச்சைப் பொம்மை ஒன்று வாய்க்காலில் விழுந்து கிடந்தது. குற்றவாளி தண்ணீர்த் துளி. துளியின் அளவைத் தீர்மானிப்பது பரப்பு இழுவிசை, அதாவது தண்ணீரின் மேற்பரப்பைத் தோல் மாதிரி இழுத்துப் பிடிக்கிற விசை. அது பொம்மைக்காகச் சுருங்கிக் கொடுக்காது. காவிரியில் தெறித்தாலும் கிண்ணத்தில் தெறித்தாலும் துளி சில மில்லிமீட்டர்தான். 3 மில்லிமீட்டர் துளியை 100 மடங்கு பெருக்கினால் 30 சென்டிமீட்டர். பரங்கிக்காய் அளவில் துளி தெறிக்கிற ஆறு உலகத்தில் எங்கேயும் கிடையாது, கண் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. புழுதி நுண்ணியது, காற்றில் தானே தயங்கி மிதக்கும், அதனால் அது நம் பக்கம் நின்றது. பழைய சிறுமாதிரிப் படங்களில் கடல் காட்சி மட்டும் ஏன் தொட்டி மாதிரியே தெரிகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

கணினி வந்த பிறகுதான் அந்தத் தடை முழுதாக உடைந்தது. தண்ணீரை லட்சக்கணக்கான சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கணக்குப்போட்டு, எந்த அலை எங்கே உடைந்து நுரையாகும் என்று விநாடி விநாடியாக வரைகிறார்கள். 2023-ல் வந்த ஜப்பானியப் படமான ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’னில் மிருகம் மறுபடி 50 மீட்டர் சொச்சத்துக்குத் திரும்பியது. சிறப்புக் காட்சிகள் 610, செய்தவர்கள் 35 பேர். அடுத்த ஆண்டு அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் படத்தில் மரப்படகை மிருகம் துரத்தி வருகிற இடத்தில், கழுத்துக்கு முன்னால் எழும்புகிற தண்ணீரைக் கவனியுங்கள். மலைபோல எழும்பி, அவசரப்படாமல் கவிழ்கிறது. அந்த விருது அந்தத் தண்ணீருக்குக் கொடுத்தது என்றே நான் நினைக்கிறேன்.

கணினி கையில் இருப்பதால் கணக்கை மீறுவதும் சுலபமாகிவிட்டது. 2013-ல் வந்த ‘பசிபிக் ரிம்’மில் ராட்சத ரோபோ ஒரு குத்து விட முழங்கையைப் பின்னால் இழுப்பதற்கே நேரம் எடுக்கும். அந்த நேரம்தான் அதன் எடை. 2018-ல் வந்த அடுத்த பாகத்தில் அதே உயர ரோபோக்கள் கராத்தே பையன்கள் மாதிரி ஓடித் தாவின. எனக்கு அவை தகரமாகத்தான் தெரிந்தன. ஆன்ட்-மேன் ராட்சத உருவெடுக்கும்போது அசைவு மந்தமாகிவிடுவது சரியான கணக்கு. ஸ்பைடர்மேன் விஷயம் கஷ்டம். நம் கூடத்து ஊஞ்சலில் சங்கிலி இரண்டரை மீட்டர் என்றால் போய்வர 3 விநாடிக்குக் கொஞ்சம் மேல். நூறு மீட்டர் நூலில் தொங்கினால் போய்வர 20 விநாடி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கே 10 விநாடி. சண்டைக் காட்சியில் யார் அவ்வளவு பொறுப்பார்கள்? அதனால் பாதி வழியில் நூலை விட்டு அடுத்ததைப் பிடிக்கிறபடி காட்சி அமைத்தால் நன்றாக இருக்கிறது. ஆளே இல்லாத ராக்கெட் மாதிரி இழுத்துக்கொண்டு போனால் எனக்கு உடனே தெரிந்துவிடும், வருத்தமாகவும் இருக்கும்.

சரி, அப்படி ஒரு மிருகம் நிஜத்தில் நிற்குமா? கலிலியோ 1638-லேயே இதற்கு விடை எழுதிவிட்டார். நீளம் 25 மடங்கானால் எலும்பின் குறுக்குப் பரப்பு 625 மடங்காகும், எடையோ 15,625 மடங்கு. எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் 25 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். கோயில் யானையின் கால் ஏன் தூண் மாதிரி இருக்கிறது, ஆட்டுக்குட்டியின் கால் ஏன் குச்சி மாதிரி இருக்கிறது என்று பாருங்கள். உயரம் கூடக்கூடக் கால் அதைவிட வேகமாகத் தடிக்க வேண்டும். நீலத்திமிங்கலம் அவ்வளவு பெரிதாக முடிந்ததற்குக் கடல் அதைத் தாங்குவதே காரணம். 216 அடி விமானம் ஆயிரம் வருஷமாக நிற்கிறது, ஏனென்றால் அது கருங்கல், அகலமான அடி, மேலே போகப்போகக் குறுகுகிற உடல், அது ஓர் அடிகூட நடக்க வேண்டியதில்லை. இதெல்லாம் தெரிந்த பிறகு என் ஆசை குறைந்ததா என்று கேட்கிறார்கள். கூடியிருக்கிறது. நிற்கவே முடியாத ஒன்றை நிற்கிற மாதிரி நம்பவைக்க எத்தனை பேர் எத்தனை நுணுக்கமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்!

கண்ணை நம்பவைத்தாயிற்று, காது இருக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிறார்கள். திமிரி குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்கும். ராஜரத்தினம் பிள்ளை வாசித்த பாரி நீளம் கூடியது, சுருதி கீழே இறங்கிக் கனமாக இருக்கும். குழல் நீண்டால் அதற்குள் காற்று அதிர்கிற அலையும் நீளும், விநாடிக்கு அதிர்வது குறையும். தொண்டைக்கும் இதே விதி. இங்கே வர்க்கமூலம் இல்லை, நேர் கணக்கு: இரண்டு மடங்கு நீளம், பாதி அதிர்வெண், ஒரு ஸ்தாயி கீழே. அதனால் ஒலிப்பதிவை மெதுவாக ஓட்டினாலே குரலுக்குச் சொந்தக்காரர் பெரிதாகிவிடுவார். முதல் காட்ஸில்லாவின் கர்ஜனைக்கு இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே தேர்ந்தெடுத்தது வயலின் குடும்பத்துப் பெரியண்ணனான ஆளுயர டபுள் பாஸ். தளர்த்திய தந்தியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து, பதிவானதை மெதுவாக்கினார்கள். 1993-ன் ‘ஜுராசிக் பார்க்’ டைனோசரின் கத்தலில் ஒரு குட்டியானையின் பிளிறல் இருக்கிறது, புலியும் முதலையும் கலந்திருக்கின்றன.

தியேட்டரில் நெஞ்சில் இடிப்பது இன்னும் கீழே, 20, 30 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 20, 30 அதிர்வில். 20 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளமே 17 மீட்டர். டிவியில் இருக்கிற உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. தியேட்டர் ஒலியமைப்பை 5.1 என்று எழுதியிருப்பதில் அந்த .1 இந்த அடித்தட்டு ஒலிக்கென்றே ஒதுக்கிய வழி. அதற்குத்தான் திரைக்குப் பின்னால் பீரோ மாதிரி பெட்டிகள் நிற்கின்றன. தேர் வரும்போது சத்தம் கேட்பதற்கு முன்னால் உள்ளங்காலில் ஓர் அதிர்வு ஏறுமே, அதேதான்.

இதையெல்லாம் அக்கா மகனுக்குச் சொன்ன சாயங்காலம், கொட்டிலில் எங்கள் பசு தீவனத்துக்குக் கத்தியதைச் செல்போனில் பதிந்து நான்கு மடங்கு மெதுவாக்கினான். இரண்டு ஸ்தாயி கீழே இறங்கியது. மண்கட்டி மலை சரிகிற காட்சியோடு சேர்த்து, பெரிய ஸ்பீக்கரில் இணைத்துத் திண்ணையில் ஓடவிட்டான். அடுக்களையிலிருந்து என் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

“என்னடா தம்பி அது, எங்கேர்ந்து வருது?”

“நம்ம லட்சுமிதான் அம்மாயி,” என்றான் அவன். அம்மா நம்பவில்லை. கொட்டில்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.